குடலைத் தனித்தனியாகக் கட்டித் தரும் காசிமேட்டு அக்கா

காசிமேட்டில் மீன் வெட்டும் இடங்களுக்குக் குறைவில்லை, ஆனால் எனக்கு வேண்டியது சதை இல்லை, குடலும் செவுளும். மீனுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிகளை எண்ணி, அது வளர்ந்த தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. ஏழெட்டு மாதமாக ஒரே அக்காவிடம்தான் மடவை மீன் வெட்டி வாங்குகிறேன்.

முதல் நாள் "குடல எடுத்துனு போயி இன்னா பண்ணுவ கண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு மீனின் குடலும் தனிக் கவரில், எண்ணூர் முகத்துவாரத்து மீன் ஒரு பக்கம், பழவேற்காட்டு மீன் ஒரு பக்கம். கேட்காமலே ஒரே அளவு மீனாகப் பொறுக்கியும் வைக்கிறார். வயதான பெரிய மீனில் புழு இயல்பாகவே அதிகம் சேர்ந்திருக்கும், அளவு கலந்தால் ஒப்பிட முடியாது. இதற்கு முன் போன கடையில் 30 மீனின் குடலையும் ஒரே வாளியில் கொட்டிக் கொடுத்தார்கள். எத்தனை மீனில் புழு, ஒரு மீனுக்கு எத்தனை என்ற இரண்டு கணக்கும் போச்சு, அத்தனையையும் குப்பையில்தான் போட்டேன்.

புழு இருந்தால் கெட்ட தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள், பல சமயம் தலைகீழ். டைஜீனியா என்கிற தட்டைப்புழுக்கள் நத்தை போன்ற உயிரிக்குள் முதலில் வளர்ந்து, அப்புறம்தான் மீனுக்கு வரும், சில வகை மீனைத் தின்னும் பறவைக்குள் போய்த்தான் முட்டையிடும். கழிவில் நத்தை செத்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஆகவே குடலில் பல வகைத் தட்டைப்புழு இருந்தால் எனக்குச் சந்தோஷம், அங்கே நத்தையும் பறவையும் இன்னும் பிழைத்திருக்கின்றன. செவுளில் ஒட்டும் டிரைக்கோடைனா என்ற ஒற்றைச்செல் உயிரிக்கு நடுவில் வேறு உயிரி தேவையில்லை, சாக்கடை கலந்து பாக்டீரியா பெருகினால் அதைத் தின்று அதுவும் பெருகும். தட்டைப்புழு குறைந்து டிரைக்கோடைனா கூடினால்தான் கவலைப்பட வேண்டும். முள்தலைப்புழு இன்னொரு விதம்: அதற்குக் குடலே கிடையாது, மீனின் குடலில் இருந்தபடி உணவை உடம்பின் தோல் வழியாகவே உறிஞ்சும், அதோடு உலோகமும் சேரும். ஐரோப்பிய ஆற்று மீன்களில், மீன் சதையில் உள்ளதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் ஈயம் அந்தப் புழுவில் சேர்ந்திருந்தது. 2023 டிசம்பரில் எண்ணெய் படிந்த எண்ணூரில் இந்தக் கணக்கை வருஷக்கணக்கில் எடுத்தாக வேண்டும் என்பது என் ஆசை.

குறை ஒன்று உண்டு. கூட்ட நேரத்தில் பழக்கதோஷத்தில் செவுளை ஐஸ் தண்ணீரில் அலசிவிடுகிறார், வழுவழுப்போடு டிரைக்கோடைனாவும் போய்விடும். இரண்டு முறை இப்படி ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இது நடக்கிறது, அன்றைக்கு நிற்கவே இடம் இருக்காது.

வெட்டுக்கூலி கிலோவுக்கு 40 ரூபாய், தனித்தனியாகக் கட்டுவதற்கு ஒரு பைசா கூடக் கேட்டதில்லை, நான்தான் சேர்த்துக் கொடுக்கிறேன். சதையை வீட்டில் குழம்பு வைக்கிறோம், நன்றாக வெந்தால் பயமில்லை. ஆய்வுக்குப் போகிறவர்கள் வார நாளில், விடிவதற்குள் போங்கள். கவரும் மார்க்கரும் உங்களுடையதாக இருக்கட்டும், செவுளை அலச வேண்டாம் என்று மீனைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.