ஆறு வரிக்கு ஒரு மணி நேரம்: நான் எடுத்த இலக்கிய எலெக்டிவ்

இந்த வகுப்பை நான் விரும்பி எடுக்கவில்லை. கேட்ட எலெக்டிவில் இடம் முடிந்துவிட்டது. என் டைம்டேபிளோடு மோதாமல் மிச்சமிருந்தது இலக்கிய வாசிப்பு மட்டும்தான். வணிகவியல் படிக்கிறவளுக்கு கிரெடிட் வந்தால் சரி என்று பெயரைக் கொடுத்தேன். 'எடுக்கலாமா, வேண்டாமா' என்று கேட்கும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சின்ன வயதில் எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விட்டதில்லை. பத்தாம் வகுப்போடு அது நின்றுபோனது. நேரம் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இதில் ஐந்து மார்க் கேள்வி எங்கே இருக்கிறது என்று கண் தேட ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு முறை துப்பறியும் கதை ஒன்றில் கொலையாளியின் பெயருக்கு அடிக்கோடு போட்டுவைத்தேன். அதற்கு அப்புறம் கதைப் புத்தகம் வாங்கவே இல்லை.

முதல் வகுப்பில் மேடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஆறு வரிக் கவிதை. மேலே தலைப்பு இல்லை, கீழே எழுதியவர் பெயர் இல்லை. கடினமான சொற்களுக்கு மட்டும் ஓரத்தில் பொருள் போட்டிருந்தது. 'இதைப் பற்றி உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள், யார் எழுதியது என்று தேடாதீர்கள்' என்றார். இரண்டு நிமிடத்தில் எழுதி முடித்தேன்: தலைவனைக் காணாவிட்டால் தலைவி அழிந்துவிடுவாள், பிரிவுத் துயரம். பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதி ஒரு மணி நேரமும் அந்த ஆறு வரியிலேயே போனது. காமத்தைப் பொறுத்துக்கொள் என்று சொல்கிறவர்களுக்கு அது என்னவென்றே தெரியாதா, இல்லை அவ்வளவு வலிமை படைத்தவர்களா என்று அவள் கேட்கிறாளே, அது என்ன குரல் என்றார் மேடம். அழுகைதான் என்று நான் சொன்னேன். பின்வரிசையில் வாயே திறக்காத ஒருத்தி, 'இல்லை மேடம், அது நக்கல்' என்றாள். பாறையில் மோதும் சிறு நுரை போல மெல்ல மெல்ல இல்லாமல் போவோம் என்று முடிகிற இடத்துக்கு வந்தபோது, அந்த 'மெல்ல மெல்ல' எதற்கு இரண்டு முறை என்று அரை வகுப்பு சண்டை போட்டது. ஒரே அலையில் போய்விட்டால் நிம்மதி, இவளுக்கு அதுவும் இல்லை என்று யாரோ சொன்னார்கள். எனக்குப் புல்லரித்தது. நான் அந்த இரண்டு சொற்களையும் 'அழிந்துவிடுவாள்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டிருந்தேன்.

அப்புறம்தான் சொன்னார், அது குறுந்தொகையின் 290ஆம் பாட்டு என்று. எழுதியவரின் இயற்பெயர் தெரியாததால் அந்த உவமையை வைத்தே அவருக்குக் கல்பொரு சிறுநுரையார் என்று பெயர் வந்துவிட்டது. மேடத்துக்குப் பெயரை மறைக்கிற வேலைகூட மிச்சம்! பெயரில்லாமல் கொடுக்கும் இந்த முறை கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கில இலக்கிய விமர்சகர் 1920களில் செய்து பார்த்ததாம். அப்படிக் கொடுத்த 13 கவிதைகளையும் மாணவர்கள் எழுதிய கருத்துகளையும் வைத்து 1929இல் புத்தகமே போட்டிருக்கிறார். பெரிய கவிஞர்களையே மட்டம் என்று எழுதித் தள்ளியவர்கள் அதில் உண்டு. கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரண்டாவதாக என்னைப் பிடித்துக்கொண்டது ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் 'உருமாற்றம்'. 1915இல் வந்த கதை. காலையில் கண் விழிக்கும்போது பூச்சியாகிவிட்ட கிரகோர் பற்றியது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். மேடம் கொடுத்த அசைன்மென்ட், அவன் அறையின் வரைபடம். கருத்து எதுவும் எழுத வேண்டாம், கட்டில் எங்கே, ஜன்னல் எங்கே, கதவுகள் எங்கே என்று வரைந்தால் போதும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய நாவலாசிரியர் நபோகோவ் தன் மாணவர்களுக்கு இப்படி வரைந்து காட்டியிருக்கிறாராம். வரைய உட்கார்ந்தால், முதல் சில பக்கங்களை நான்கு முறை திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. அம்மா ஒரு கதவைத் தட்டுகிறாள், அப்பா ஒரு கதவை, தங்கை ஒரு கதவை. ஒரே அறைக்கு மூன்று கதவுகள், மூன்றும் உள்ளே பூட்டியிருக்கின்றன. புத்தக அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் அட்டையில் வந்தது, முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஒரு மனிதனும் அவனுக்குப் பின்னால் சற்றே திறந்த கதவும். அன்று இரவு ஹைலைட்டரை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை.

குறைகள் இருக்கின்றன. மேடம் ஆறு வரிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் பாடத்திட்டம் எப்படி முடியும்? கடைசி யூனிட்டில் இருந்த நாவலை மூன்றே வகுப்பில் ஓட்டினார். பாதிப் பேர் சுருக்கத்தைப் படித்துவிட்டு வந்து தலையாட்டினோம், நானும்தான். அறுபது பேர் இருக்கிற வகுப்பில் பேசுகிறவர்கள் பத்துப் பேர்தான், மற்றவர்கள் ஹாஜருக்காக வந்தவர்கள். இன்டர்னல் மார்க்கை எதை வைத்துப் போடுகிறார்கள் என்பது கடைசி வரை எனக்குப் புரியவில்லை.

எல்லாவற்றையும்விட எரிச்சல் செமஸ்டர் தேர்வு. கேள்வித்தாளை மேடம் எடுப்பதில்லையாம். 'கிரகோரின் பாத்திரப் படைப்பை விளக்குக, ஐந்து மதிப்பெண்.' பருவம் முழுக்க எதை மறக்கப் பழகினோமோ, அது அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. நான் வீம்புக்கு அறையை வரைந்து, யார் எந்தக் கதவைத் தட்டினார்கள், அதிலிருந்து அவர்களைப் பற்றி என்ன தெரிகிறது என்று எழுதினேன். ஐந்துக்கு இரண்டு.

கிரெடிட்டுக்காக எடுப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இதைவிட எளிதாக மார்க் கிடைக்கும் எலெக்டிவ்கள் இருக்கின்றன. நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு. தேர்வை மாற்றினால் அந்த ஐந்தாவதையும் தருவேன். கொஞ்சம் ஆள் குறைவாக இருக்கும் பேட்ச் கிடைத்தால் விடாதீர்கள்.

அசைன்மென்ட் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போன வாரம் யாரும் கேட்காமலே அந்தக் கதையை மறுபடி எடுத்தேன். அம்மா தட்டும் கதவு கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது. நான் அதைக் கால்மாட்டில் வரைந்திருக்கிறேன். மேடமும் கவனிக்கவில்லை, டிக் போட்டிருக்கிறார்.