டேப்லெட்டா, லேப்டாப்பா? பாமினி ஃபைல் வந்தபோது தெரிந்தது

லேப்டாப்பின் கீல் உடைந்ததும், புதிதாக வாங்காமல் நான்கு மாதம் ஐபேடிலேயே ஓட்டினேன். என் தொழில் புத்தகங்களுக்குப் பிழைதிருத்தம், இடையிடையே மொழிபெயர்ப்பு.

பிழைதிருத்தத்தில் போட்டியே இல்லை, டேப்லெட்தான். பிடிஎஃப் பக்கத்தைத் திறந்து, ஒற்று விட்டுப்போன இடத்தில் திரையில் எழுதும் பென்சிலால் ஒரு கோடு இழுத்து ஓரத்தில் ‘க்’ என்று எழுதினால் முடிந்தது. தாளில் திருத்திய காலத்தின் சுகம் அப்படியே கிடைக்கிறது. லேப்டாப்பில் இதையே செய்ய ஒவ்வொரு பிழைக்கும் ஒரு குறிப்புப் பெட்டி திறக்க வேண்டும். பேருந்தில் நின்றுகொண்டே இரண்டு பக்கம் பார்த்த நாளும் உண்டு.

தட்டச்சில் கதை மாறுகிறது. தமிழ்99 விசைப்பலகை அமைப்பு ஐபேடிலேயே இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் திரையைக் கிடைமட்டமாகப் பிடித்தால் விசைப்பலகை கிட்டத்தட்ட பாதித் திரையை மூடிவிடும். அரைப் பக்கத்துக்கு மேல் அடிக்க வேண்டுமானால் தனி கீபோர்டு வேண்டும். 2025-இல் வந்த சாதாரண ஐபேடின் அறிமுக விலை 34,900 ரூபாய். ஆப்பிளின் கீபோர்டும் பென்சிலும் சேர்த்தால், அந்தக் காசுக்கு நல்ல விண்டோஸ் லேப்டாப்பே வந்துவிடும். மலிவான புளூடூத் கீபோர்டு போதும்தான், ஆனால் மடியில் வைத்து அடித்தால் எல்லாம் ஆடும். மேசை வேண்டும்.

‘டேப்லெட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்’ என்பது பழைய வாதம். 2025 செப்டம்பரில் வந்த ஐபேடின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 26-இல் கணினியைப் போலவே பல ஜன்னல்களைத் திறந்து, இழுத்து, அளவு மாற்றலாம். இடப்பக்கம் மூல நூல், வலப்பக்கம் என் மொழிபெயர்ப்பு என்று நிம்மதியாக வேலை ஓடியது.

பிறகு ஒரு அச்சகத்திலிருந்து பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல் வந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு அது. என் ஐபேடில் அது இல்லாததால், திறந்தால் தமிழே இல்லை. வெறும் ஆங்கில எழுத்துகள், மெய்யெழுத்தின் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. லேப்டாப் என்றால் எழுத்துருவைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கியிருப்பேன். டேப்லெட்டில் ஒரு வலைத்தளத்தில் ஒட்டி எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றினேன். தடித்த எழுத்து, அடிக்குறிப்பு எண்கள் எல்லாம் போயின. 180 பக்கம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து அவற்றை மறுபடி போட்டேன்.

என் சொந்த வேலைக்கு டேப்லெட் எங்கும் தடுக்கவில்லை. அடுத்தவர் கணினியில் பிறந்த ஃபைல் வந்ததும் தடுக்கிவிட்டது. வேறு தொழில்களிலும் இப்படித்தான். கணக்கு எழுதும் டேலி, விண்டோஸுக்கான மென்பொருள். டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கனும் கணினியைத்தான் கேட்கும். எக்செலில் வேலையைத் தானாகச் செய்யவைக்கும் மேக்ரோ ஐபேடில் ஓடாது. கணக்கு, டெண்டர் பக்கம் வேலை செய்பவர்கள் இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு ‘கைக்கணினி அல்லது மடிக்கணினி’ என்று தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, டேப்லெட்டே போதுமே என்று நினைத்தேன். இப்போது கேட்டால் மடிக்கணினி என்றுதான் சொல்வேன். புரோகிராம் எழுதவும், பிராஜெக்ட் அறிக்கை தயாரிக்கவும் அதுதான் உதவும். அப்பாவுக்கு நேர்மாறு: இரண்டு விரலால் நாளிதழைப் பெரிதாக்கி வாசிக்கும் அவருக்கு லேப்டாப் வெறும் சுமை.

நான் கீலை மாற்றிவிட்டேன். ஐபேட் இப்போது பிழைதிருத்தத்துக்கு மட்டும்.