அத்தையின் புதுக் கைப்பேசி: தமிழ்99-ஆ, தங்கிலீஷா, வாயால் சொல்வதா?

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. புதுக் கைப்பேசி கைக்கு வந்ததும், "இதுல தமிழ்ல எப்படிடா அடிக்கிறது?" என்றார். மூன்று வழிகளையும் வைத்துப் பார்த்தோம்.

முதலில் தமிழ்99. இது 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இதன் சாமர்த்தியம் புள்ளி வைப்பதில்தான். ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. 'தங்கம்' என்று எழுத த, ங, க, ம, புள்ளி என ஐந்தே தட்டு. ஆங்கில எழுத்தைக் கூட்டி அடித்தால் ஏழு. தமிழில் ஒற்று எங்கெல்லாம் இரட்டிக்கும், எந்த இன எழுத்து எதோடு சேரும் என்று பார்த்து வைத்த விதி இது. 'மமதை' போன்ற சொல் வந்தால் மட்டும் இரண்டு ம-வுக்கும் நடுவே ஒரு அ தட்ட வேண்டும். மமதை என்றாலே தொல்லைதானே!

ஆனால் இது பத்து விரலுக்காகச் செய்தது. மேல் வரிசையில் மட்டும் 12 எழுத்துகள்; ஆங்கிலத்துக்கு 10 போதும். கைப்பேசியில் கட்டங்கள் குறுகிப்போகின்றன. அத்தை அ-வைத் தேடினார், அதற்குமுன் ஆ கண்ணில் பட்டது. "அகர வரிசையே இல்லையே!" என்று மூடிவைத்துவிட்டார். எனக்கே கை பழக இரண்டு வாரம் ஆனது. தினமும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்கு மட்டும் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது தங்கிலீஷ்: ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக மாறும். இதில் இரண்டு வகை. 'அஞ்சல்' என்ற விசைப்பலகை போன்றவை விதிப்படி நடக்கும்; ந, ன, ண மூன்றையும் எப்படி அடிப்பது என்று ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும். மற்றது ஊகித்துப் பட்டியல் நீட்டும் வகை. பள்ளியும் பல்லியும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல்தான், மனமும் மணமும் அப்படியே. சொல்லுக்குச் சொல் கண் மேலே போய் வர வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது சுலபம், புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை. ஆனால் தமிழ் எழுத ஆங்கில எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இதன்மேல் மனத்தாங்கல் உண்டு.

சரி, பேசியே எழுதலாம் என்றால்? கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017-இல் தமிழுக்கும் வந்தது. அத்தைக்கு இது உடனே பிடித்துவிட்டது. சிக்கல் வேறு இடத்தில். பேசுவது பேச்சுத்தமிழ், திரையில் வருவது பாதி அதுவும் பாதி எழுத்துத்தமிழுமாக இருக்கும். நிறுத்தக்குறி இருக்காது. ஊர்ப்பெயர், ஆள்பெயரில் சறுக்கும். பேருந்தில் உட்கார்ந்து குடும்ப விஷயம் பேசினால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் சேர்த்துத்தான் செய்தி போகும்.

பெயர் சறுக்கியதுதான் அத்தைக்குப் பொறுக்கவில்லை. அப்புறம் பேத்தி வந்து, விரலால் திரையில் எழுதும் வசதியைப் போட்டுக் கொடுத்தாள். நான் அதை யோசிக்கவே இல்லை. இப்போது செய்தியை வாயால் சொல்கிறார்; பெயர் வந்தால் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, ழ-வின் வாலை நிதானமாக இழுக்கிறார்.