ட்ரேட்டன் ஹால்: மேசை நாற்காலி இல்லாத மாளிகை

அமெரிக்காவின் தென் கரோலைனாவில், சார்ல்ஸ்டனுக்கு வெளியே ஆஷ்லி ஆற்றங்கரையில் இருக்கிறது ட்ரேட்டன் ஹால். உள்ளே கட்டில், திரைச்சீலை, சரவிளக்கு எதுவும் கிடையாது. டிக்கெட் வாங்கி வெறும் சுவரையா பார்ப்பது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் இந்த வீட்டின் அருமையே அதுதான். ட்ரேட்டன் குடும்பத்தின் ஏழு தலைமுறைக்குப் பிறகு, 1974-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தபோது, புதுப்பிக்க வேண்டாம், இருந்தது இருந்தபடியே காப்போம் என்று முடிவெடுத்தார்கள். மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் அதுவரை வீட்டுக்குள் வந்ததில்லை. ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மேகமூட்டமான நாளில் பாதி நுணுக்கம் கண்ணில் படாது. கோடையில் புழுக்கம் அதிகம்.

ஜான் ட்ரேட்டன் 1738-இல் நிலத்தை வாங்கினார். 1742-இல் வீடு முடிந்தது என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். பரண் உத்திரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, அந்த மரங்கள் 1747-48 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று தெரிய வந்தது. கட்டடம் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் பாணி. மேற்கு முகப்பின் இரண்டடுக்குத் தூண் மண்டபம் பாதி வெளியே நீண்டும் பாதி சுவருக்குள் ஒடுங்கியும் இருக்கிறது. உள்ளே ஒடுங்கிய பகுதியில் ஆழமான நிழல் விழும். மாலை வெயில் நேராகத் தூண்களில் படும்போது பார்க்க வேண்டிய பக்கம் இது.

உள்ளே அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம் வரவேற்பறை. அதன் கூரைச் சுதை வேலை ஈரச் சாந்தில் கையாலேயே வடித்தது. நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பதைவிட, ஜன்னலோரம் ஒதுங்கிச் சாய்வாகப் பாருங்கள். பக்கவாட்டு ஒளியில் புடைப்புகள் எழுந்து தெரியும். அச்சில் வார்த்ததில் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், இதில் கைவாகு தெரிகிறது. ஒரு கதவுச் சட்டத்தில் வீட்டுப் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள் அப்படியே இருக்கின்றன. வேறு இடமாக இருந்தால் வண்ணம் பூசி மறைத்திருப்பார்கள்.

இந்த வீட்டை மட்டும் பார்த்து, அடிமை உழைப்பில் நடந்த இந்தப் பெருந்தோட்டப் பண்ணையைப் புரிந்துகொள்ள முடியாது. இருபுறமும் இருந்த துணைக் கட்டடங்களில் சலவைக்கூடம் 1886 நிலநடுக்கத்திலும், சமையற்கூடம் 1893 புயலிலும் போயின. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் நாள் முழுக்க உழைத்த இடங்கள் அவை. மாளிகை நிற்கிறது, அதைத் தாங்கிய கைகளின் இடம் வெறும் புல்தரையாகக் கிடக்கிறது.

ஆகவே வளாகத்தில் நுழைந்ததும் முதலில் அந்த ஆப்பிரிக்க மக்களின் இடுகாட்டுக்குப் போய்விட்டு, பிறகு வீட்டுக்கு வாருங்கள். ஏறத்தாழ 1790 முதல் அங்கே அடக்கம் நடந்திருக்கிறது. வழித்தோன்றல்களின் விருப்பப்படி அழகுபடுத்தாமல், மரமும் சருகுமாகவே விட்டிருக்கிறார்கள். பல கல்லறைகளுக்குக் கல் கிடையாது, மண்ணில் லேசான பள்ளம் மட்டும். தரையைப் பார்த்து நடங்கள்.