டெனிமா, தைத்த லோங்ஸா?

சாரத்தை வெல்ல ஒன்றுமில்லை, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கச்சேரிக்கும் வங்கிக்கும் காற்சட்டை வேண்டும், அதோடேயே கிறவல் றோட்டில் மோட்டார் சைக்கிளும் ஓட வேண்டும். கடையில் தொங்கும் டெனிமை எடுப்பதா, துணி எடுத்துத் தைப்பதா?

காற்சட்டையே சவாரிக்கென்று பிறந்த உடுப்பு. சீனாவின் துர்ஃபான் பக்கம் புதைகுழியில் எடுத்த கம்பளிக் காற்சட்டை ஒன்றுக்கு வயது ஏறத்தாழ 3000 வருடம். காலுக்கு ஒவ்வொரு துண்டு, கவட்டுக்கு அகலமாக இன்னொரு துண்டு, குதிரையில் காலை அகட்டி இருக்கத் தோதாக. அந்தக் கவட்டுத் துண்டின் அருமை எனக்குப் போன மாரியில்தான் விளங்கியது. ஒடுக்கமான டெனிமோடு ஒட்டுசுட்டான் பக்கம் சேற்றில் புதைந்த சைக்கிளைத் தள்ளக் குனிந்தேன், பின்தையல் 'சர்' என்று போய்விட்டது. மிச்ச வழி முழுக்கச் சேர்ட்டைக் கீழே இழுத்துவிட்டபடி வந்தேன்.

இத்தனைக்கும் டெனிம் வந்ததே கிழியாமல் உழைக்கத்தான். அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரின் தையல்காரர் ஜேக்கப் டேவிஸ், பொக்கெற் மூலை பிய்யாமலிருக்கச் செப்பு ஆணி அடித்தார். காப்புரிமை எடுக்கக் காசு காணாமல், தனக்குத் துணி விற்ற லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்தார், 1873 மே 20இல் உரிமை கிடைத்தது. பின் பொக்கெற் ஆணி கதிரையையும் குதிரைச் சேணத்தையும் கீறுகிறது என்று முறைப்பாடு வந்து, 1937இல் அதைத் துணிக்குள் மறைத்தார்கள். மலிவு டெனிம் சிலவற்றில் இன்றைக்கும் வெளியில்தான் நிற்கிறது, என் சீற்றில் இரண்டு கோடு சாட்சி.

பங்குனி வெயிலைக்கூடச் சமாளிக்கலாம், டெனிமுக்குச் சத்துரு கார்த்திகை மழை. தோய்த்துக் கொடியில் போட்டால் கால்கள் இரண்டாம் நாள் காயும், இடுப்புப் பட்டியும் பொக்கெற் அடியும் மூன்றாம் நாளும் சில்லென்று இருக்கும், அவசரத்துக்கு அதையே மாட்டிக்கொண்டு போனால் மத்தியானத்துக்குள் பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்ந்து இருப்பார்.

தைத்த பருத்தி லோங்ஸ் மழை விட்ட ஒரு பகலில் காய்ந்துவிடும். நிறம் காக்கி என்றால் இன்னும் வசதி. பாரசீகத்தில் காக் என்றால் மண், புழுதி. 1846இல் பெஷாவரில் ஹரி லம்ஸ்டன் என்ற பிரித்தானிய அதிகாரி திரட்டிய படைதான் அந்த நிற உடுப்பை முதலில் பேர்பெற வைத்தது. எங்கள் கிறவல் கொஞ்சம் சிவப்பு, ஆனாலும் கறுப்பு டெனிமில் தெரிகிற மாதிரிக் காக்கியில் புழுதி தெரியாது. முன்னுக்கு ஒரு சுருக்கு வைத்தால் குந்தவும் வசதி, பார்க்கக் கொஞ்சம் பழைய வாத்தியார் மாதிரி இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். அப்புறம் தையல்கடை அண்ணை அளவு எடுக்கும்போதே கேட்பார்: "பின்தையலுக்குள்ள ரெண்டு இஞ்சி விடட்டோ தம்பி, கலியாணம் வருதல்லோ?" டெனிமில் அந்த வசதி கிடையாது.

தொடையில் பொக்கெற் வைத்த காகோ காற்சட்டை? அந்தப் பொக்கெற் போன் வைக்க நல்லதுதான். அது பிரித்தானியப் படைச் சீருடையிலிருந்து வந்தது, பச்சை நிறத்தில் எங்கள் பக்கம் போட்டுக்கொண்டு திரிய எனக்கு மனமில்லை, ஏனென்று இங்கே ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை.

டெனிமை எறியவில்லை, யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போக ஒன்று கிடக்கிறது. கிளிநொச்சியில் காக்கித் துணி ஒன்றேகால் மீற்றர் எடுத்துவிட்டேன். இரண்டு இஞ்சி விடச் சொல்லியாயிற்று.