ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ₹1,86,000 போச்சு, வண்டியின் பின்பக்கம் இன்னும் அலைகிறது

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். ₹1,86,000. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு ஒரு எஸ்டிமேட் தாளில் சீல் குத்திக் கொடுத்திருக்கிறார்கள். எந்த இடம் என்று பெயர் போடப் போவதில்லை. "ஐரோப்பிய கார்களுக்கு மட்டும்" என்று கறுப்புக் கண்ணாடியும் ஏசி லவுஞ்சும் வைத்துக்கொண்டு, சென்னைப் புறநகரில் நடக்கும் வகை ஒர்க்‌ஷாப். அந்த வகை போதும், உங்களுக்கே புரியும்.

வண்டி பழைய போர்ஷே பாக்ஸ்டர், 987. இன்ஜின் நடுவில், பின்சக்கர டிரைவ். ஊருக்குள் 60-ல் போகும்போது ஒரு குறையும் தெரியாது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வேகம் 130-ஐத் தாண்டியதும்தான் ஆட்டம் காட்டும். நேர் ஓட்டத்தின் முடிவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் தானாக ஒரு பக்கம் நழுவி, நான் திருத்துவதற்குள் மறுபக்கம் போகும். ஸ்டீயரிங்கில் நடுக்கம் இல்லை. நடுக்கம் இருந்தால் வீல் பேலன்ஸ் என்று முடித்துவிடலாம். இது மிதப்பு. பின்சக்கரங்களுக்குத் தனியாக இன்னொரு டிரைவர் இருக்கிற மாதிரி.

இதைச் சொன்னதும் அந்த ஒர்க்‌ஷாப் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்டிப் பார்க்கப் போனார். அங்கேதான் விழுந்தேன். திரும்பி வந்து, "சார், லிஃப்ட் ஆஃப் பண்ணா ரியர் மிதக்குது, கரெக்டா? இதைக் கண்டுபிடிக்கிற ஆள் சென்னையில நாலு பேர்தான்" என்றார். என் வாயில் இருந்ததை அவர் சொன்ன மாதிரி இருந்தது. காபி வந்தது. பெஞ்சில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்த ஒரு ஷாக் அப்சார்பரைக் காட்டி, "உங்க வண்டியிலிருந்து கழட்டினதுதான், பாருங்க எப்படி செத்துக் கிடக்குது" என்றார். நாலு ஷாக் ₹1,24,000. ஸ்டீயரிங் ரேக் ஓவர்ஹால் ₹38,000. லேபரும் அலைன்மென்ட்டும் ₹24,000. மொத்தம் ₹1,86,000, முழுவதும் முன்பணம். இம்போர்ட் பார்ட்ஸ், அப்படித்தான் என்றார்கள்.

வண்டி வந்தது. டிராக்குக்குப் போனேன். அதே இடம், அதே நழுவல்.

அதற்கப்புறம் கேட்ட பதில்களைக் கேளுங்கள். "புது ஷாக் செட் ஆகணும் சார், 500 கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். "டிராக் சர்ஃபேஸ் அப்படி." அதே டிராக்கில் மற்ற வண்டிகள் கோடு போட்ட மாதிரி போகின்றன. "ஸ்பாய்லர் தூக்குதா பாருங்க." பின்னால் இருக்கும் அந்தக் காற்றுத் தகடு 120-ல் தானாகத் தூக்குகிறது, பார்த்தேன். கடைசியில், "நீங்க ஓட்டுற விதம் அப்படி சார், மிட் இன்ஜின் வண்டி எல்லாருக்கும் செட் ஆகாது." ₹1,86,000 வாங்கும்போது இந்த வண்டி எனக்குச் செட் ஆகுமா என்று கேட்கத் தோன்றவில்லையா? இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ரிசப்ஷனில் இருக்கும் பெண் "சார் மீட்டிங்ல இருக்காரு" என்கிறார். பாவம், அவரைத் திட்டி என்ன பயன்.

பூந்தமல்லிப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு அலைன்மென்ட் கடை. நண்பர் சொல்லி அங்கே போனேன். அந்த அண்ணன் டெஸ்ட் டிரைவ் எல்லாம் போகவில்லை. பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, டயரின் இரண்டு பக்கங்களிலும், அதாவது மணி மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில், கைவைத்து முன்னும் பின்னும் அசைத்தார். டக், டக். "இங்க கை வைங்க சார்" என்று, பின்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கணும் என்று பிடித்து வைக்கும் தண்டான டோ லிங்க்கின் பால் ஜாயின்ட்டில் என் விரலை வைக்கச் சொன்னார். உள்ளே தேய்ந்துபோய் ஆடுவது விரலுக்கே தெரிந்தது.

விஷயம் இவ்வளவுதான். பின்சக்கரங்களின் முன் ஓரங்கள் கொஞ்சம் உள்நோக்கி இருந்தால்தான் வண்டி நேராக நிற்கும். ஜாயின்ட் தேய்ந்திருந்தால், காலை எடுத்ததும் எடை முன்னால் போய்ப் பின்பக்கம் லேசாகும் அந்த நேரத்தில், சக்கரம் வெளிநோக்கித் திரும்பிவிடும். அப்புறம் பின்சக்கரம்தான் ஸ்டீயரிங். மெதுவாகப் போகும்போது இது தெரியாது. வேகத்தில் அரை டிகிரிகூட வேண்டாம், ஆள் போய்விடலாம். அந்தக் கோபம்தான் எனக்கு. பணத்தை விடுங்கள், இதே நிலையில் "ஓகே சார், தாராளமா விரட்டுங்க" என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள்.

அவர்கள் கொடுத்த அலைன்மென்ட் தாளை அண்ணனிடம் காட்டினேன். முன்சக்கரக் கட்டங்கள் எல்லாம் பச்சை. இடது பின்சக்கரத்தின் டோ, அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, வேலைக்கு முன் -0.30, வேலைக்குப் பின் -0.30; மைனஸ் என்றால் வெளிநோக்கி. இரண்டும் சிவப்பு. பின்சக்கரத்தில் அதைச் சரிசெய்யும் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. "புது" ஷாக்கில் பார்ட் நம்பர் ஸ்டிக்கர் கிடையாது. கறுப்புப் பெயின்ட் ரப்பர் உறை மேலேயும் வழிந்திருந்தது, அதில் பிரஷ் முடி ஒன்று ஒட்டிக் காய்ந்து கிடந்தது. இன்னொன்றும் சொன்னார். பாக்ஸ்டரில் நாலு பக்கமும் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண், அதன் அடிப்பகுதி சக்கரத்தின் தாங்கிக்குள் நேராக இறங்கிப் பூட்டிக்கொள்ளும். பெஞ்சில் எனக்குக் காட்டிய ஷாக்கின் போட்டோ போனில் இருந்தது. அதன் அடியில் போல்ட் போடும் வளையம். ஆக அது என் வண்டியுடையதே இல்லை! காட்சிக்கு வைத்த பொருள். எத்தனை பேரிடம் காட்டினார்களோ.

விவரமாக எல்லா டிப்ஸும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: எந்தப் பார்ட்ஸும் மாற்றும் முன், வண்டியைத் தூக்கி நாலு சக்கரத்தையும் உங்கள் கண்முன்னே அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருக்கும் ஜாயின்ட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வீண். தாளில் பின்சக்கர எண்களை முதலில் பாருங்கள். காற்றழுத்தமும் டயர் தேதியும் காசு செலவில்லாத சோதனை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 3216 என்றால் 2016-ன் 32-ஆவது வாரம். முழு முன்பணம் வேண்டாம். பழைய பார்ட்ஸ் கைக்கு வரணும்.

டோ லிங்க் ஆர்டர் போட்டாயிற்று, அது தனிச் செலவு. ₹1,86,000-க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடணும். இதே மாதிரி "ரியர் மிதக்குது, கரெக்டா?" வசனம் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், பெஞ்சில் கிடந்த ஷாக்கின் போட்டோவை அனுப்புகிறேன். உங்களுக்கும் அதையேதான் காட்டினார்களா என்று பார்க்கலாம்.