கார் ஸ்டீயரிங் நடுங்கியது, போனது 14,800 ரூபாய்

கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்கிவிட்டதென்று மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் வயலுக்குக் காரிலேயே போனேன். வாய்க்கால் கரையில் முன்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன. டிராக்டர் வைத்துத்தான் இழுத்தோம். மூன்று நாள் கழித்துத் தஞ்சாவூர் போகும்போது வேகம் 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கிடுகிடுவென ஆடியது. 60-க்குக் குறைத்தால் ஒன்றுமே இல்லை.

வழியில் இருந்த ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஷாக் அப்சார்பர் ரெண்டும் போயிடுச்சு சார், லோயர் ஆர்ம் புஷ்ஷும் காலி" என்றார்கள். புஷ் என்றால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கம்பியின் மூட்டில் இருக்கும் ரப்பர். ஷாக் அப்சார்பர் போனதற்கு அடையாளமாக எண்ணெய்க் கசிவு இல்லை, பள்ளத்தில் வண்டி குதிக்கவும் இல்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டேன், என் புத்தி அப்படி. மாற்றி வாங்கிய பிறகும் அதே 80, அதே ஆட்டம். திரும்பப் போனால், "அப்போ டயர் நாலையும் மாத்திடலாம் சார்!"

அதற்குமேல் பணம் இல்லாததால் வீட்டு வாசலில் நானே இறங்கினேன். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைக் கழற்றினேன். ரிம்மின் உள்பக்கம் நம்மூர்க் களிமண் ஓடு மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. சக்கர ஓரத்தில் முப்பது கிராம் கூடினாலே வேகத்தில் ஸ்டீயரிங் காட்டிக்கொடுத்துவிடும். நான் சுரண்டி எடுத்ததோ இரண்டு கை மண். ஷாக் அப்சார்பர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றியவர்கள் அதைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

கழுவி மாட்டியதும் ஆட்டம் முக்கால்வாசி போனது. ஒரு ரிம்மில், சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்க ஒட்டும் பேலன்சிங் ஈயக்கட்டி விழுந்த தடம் இருந்தது. டயர் கடையில் பேலன்சிங் செய்ததும் மிச்சமும் போயிற்று, சில நூறு ரூபாயோடு.

உங்களுக்கு இப்படி ஆனால், எப்போது ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கர பேலன்சிங். சீட் அதிர்ந்தால் பின்சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாகப் போகும்போதே தள்ளாடினால் டயர் புடைத்திருக்கலாம், அதோடு ஓட்ட வேண்டாம். சந்தேகம் இருந்தால் முன்சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் சீட்டுக்குப் போனால் கோளாறு அந்தச் சக்கரத்தில்தான். நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

கழற்றிய பழைய ஷாக் அப்சார்பர்களைப் போய்க் கேட்டேன். "அது அன்னைக்கே பழைய இரும்புக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள்.